சுரங்கத்துக் காற்றை அளந்த ஹால்டேன்

திருப்பதியிலிருந்து பெங்களூருக்கு இரயிலில் செல்லும் நண்பர்கள் சித்தூர், காட்பாடி, சோலையார்பேட்டை ஆகியவற்றைக் கடந்து, மறுபடியும் சித்தூர் மாவட்டத்துக்குள் குப்பத்தில் நுழைவதைக் கண்டிருப்பார்கள். குப்பத்தை விட்டால் சிறிது நேரத்தில் பங்காருப்பேட்டை. அங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து மாரிக்குப்பத்தோடு நின்றுவிடுகிறது. அதுவே கோலார் தங்கவயல். 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே வேலை தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது வரை, ஏறக்குறைய எண்ணூறு டன் பொன் அம்மண்ணிலிருந்து வெளியே சென்றது. அதை வெட்டி எடுத்த கைகளுள் பெரும்பகுதி தமிழர் கைகள். அவற்றுள்ளும் வட ஆர்க்காட்டார் கைகள் மிகப்பல. சித்தூரும் அந்நாளில் வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததே. 1911-இல்தான் அது தனி மாவட்டமாயிற்று.

நான் எழுத வந்தது பொன்னைப் பற்றியன்று. அவ்வளவு ஆழத்தில் இறங்கி வேலை செய்தவன் எந்தக் காற்றைச் சுவாசித்தான், எவ்வளவு வெப்பத்தைத் தாங்கினான், எந்தத் தூசியை நுரையீரலில் சுமந்துகொண்டு வீடு திரும்பினான் என்னும் கேள்விகளைப் பற்றி. இக்கேள்விகளை ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கேளாமல் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கிச் சென்று கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் ஜான் ஸ்காட் ஹால்டேன்.

ஹால்டேன் என்றதும் நம்மில் பலருக்கு மரபியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன் நினைவுக்கு வருவார். அவர் மகன், நான் சொல்வது தந்தையை. உடலியல் பாடத்தில் வரும் ஹால்டேன் விளைவு தந்தையுடையது. மரபியலில் வரும் ஹால்டேன் விதி மகனுடையது. இருவரையும் ஒருவராகவே நினைத்துக்கொண்டு நானே ஒரு தேர்வை எழுதி முடித்திருக்கிறேன்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் 1860 மே 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். பழமையும் செல்வமும் உடைய குடும்பம். அண்ணன் ரிச்சர்டு பின்னாளில் பிரிட்டனின் போர் அமைச்சராகவும் சட்டத்துறைத் தலைவராகவும் விளங்கினார். தம்பிக்கு அரசியலில் நாட்டமில்லை. 1884-இல் எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் நோயாளியின் நாடி பிடித்துப் பொருள் ஈட்டும் வாழ்வையும் அவர் விரும்பவில்லை. டண்டீ நகரக் கல்லூரியில் வேலைக்கு அமர்ந்தார்.

டண்டீ சணல் ஆலைகள் நிறைந்த ஊர். வங்காளத்துச் சணல் அங்கேதான் துணியாகவும் சாக்காகவும் மாறிற்று. ஆலைத் தொழிலாளர் ஒரே அறையில் ஏழெட்டுப் பேராகப் படுத்துறங்கினர். ஹால்டேன் தம் துணைவர்களுடன் நள்ளிரவிலே அவ்வீடுகளின் கதவைத் தட்டி உள்ளே புகுந்து, உறங்குவோர் மூச்சுவிட்ட காற்றைச் சீசாக்களில் பிடித்துச் சென்று ஆய்ந்தார். நள்ளிரவில் காற்றுக்காக வந்து நிற்கும் இளைஞரை அம்மக்கள் என்னவென்று நினைத்திருப்பார்களோ! பின்னர்ச் சாக்கடைக் குழாய்களிலும் இறங்கினார். சாக்கடைக் காற்றில் இருந்ததைவிட ஏழைகளின் படுக்கையறைக் காற்றில் நுண்ணுயிர்கள் மிகுதியாக இருந்தன என்பது அவர் கண்ட முடிவு. ஆராய்ச்சி செய்ய வேண்டிய காற்று மனிதன் இருக்கும் இடத்திலே உள்ள காற்றுதான் என்னும் வழக்கம் அங்கேதான் அவருக்குப் படிந்தது. வாழ்நாள் முழுதும் அதை அவர் விடவில்லை.

1887-இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தார். அங்கே அவரைச் சுரங்கத்தின்பால் இழுத்தது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள செந்நிறப் பொருளோடு பிராணவாயுவைக் காட்டிலும் பன்மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பின் பிராணவாயு உட்கார இடமிருக்காது. இது மனிதனை எந்த அளவில், எவ்வளவு நேரத்தில் வீழ்த்தும் என்று அறிய வேண்டும். ஹால்டேன் தாமே அவ்வாயுவைச் சுவாசித்தார். பக்கத்தில் ஒரு சுண்டெலியை வைத்துக்கொண்டு, அது எப்போது துவள்கிறது, தமக்கு எப்போது தலை சுற்றுகிறது, கால் எப்போது தள்ளாடுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். குருதியின் செந்நிறப் பொருளில் பாதிக்குமேல் நச்சு ஏறும்வரை நிறுத்தவில்லை. இவ்வாய்வு 1895-இல் வெளியாயிற்று. சிற்றுயிர்களின் உடல் மிக வேகமாக இயங்குவதால் நச்சு அவற்றை மனிதனுக்கு வெகு முன்பே தாக்கிவிடும் என்பது தெளிவாயிற்று.

மறு ஆண்டு சனவரி மாதம் தெற்கு வேல்ஸ் நாட்டில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நேர்ந்தது. ஐம்பத்தேழு பேர் மாண்டனர். வெடியின் அதிர்ச்சியாலும் தீயாலும் மாண்டார்கள் என்றே எல்லாரும் எண்ணினர். ஹால்டேன் அங்கே சென்று, உடல்கள் கிடந்த இடங்களையும் அவற்றின் நிலையையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். பலருடைய உடலில் காயமே இல்லை. முகம் உறங்குவோர் முகம்போல் இளஞ்சிவப்பாக இருந்தது. அது கார்பன் மோனாக்சைடு ஏறிய குருதியின் நிறம். வெடியிலிருந்து தப்பியவர்களே மிகப்பலர். அதன்பின் சுரங்கவழிகளில் தங்கிய நச்சுக்காற்றே அவர்களைக் கொன்றது. எங்கே போகக்கூடாது என்று அறிந்திருந்தால் அவர்களில் பலர் உயிரோடு வெளியே வந்திருப்பார்கள்.

இதிலிருந்து பிறந்ததுதான் புகழ்பெற்ற கானரிப் பறவை ஏற்பாடு. சுண்டெலி சோர்ந்தால் இருட்டிலே தெரியாது. கானரியோ கொம்பிலிருந்து தள்ளாடி விழும். மீட்புக்குழுவினர் கூண்டோடு முன்னே சென்றார்கள். பறவை விழுந்தால் திரும்பி ஓடவேண்டும். விழுந்த பறவைக்கு உடனே பிராணவாயு கொடுத்து உயிர்ப்பிக்கச் சிறு உருளை பொருத்திய கூண்டுகளும் வந்தன. 1911 முதல் பிரிட்டனில் சட்டமே அப்பறவைகளைக் கேட்டது. மின்கருவிகள் அவற்றின் இடத்தைப் பிடிக்க 1986 ஆயிற்று. தொண்ணூறு ஆண்டுகள் நிலைத்த கருவி அது.

விபத்து நேர்ந்த சுரங்கங்களுக்கு அவர் அடிக்கடி போவார். ஒருமுறை வெளியே வந்ததும், நலமாக இருப்பதாக மனைவிக்குத் தந்தி அடித்தாராம். அடித்தது மறந்துபோய் மறுபடியும் அடித்தார், மறுபடியும் அடித்தார். ஒரே செய்தி பலமுறை வந்து சேர்ந்தபோதுதான் அவர் எவ்வளவு நச்சைச் சுவாசித்திருக்கிறார் என்பது வீட்டாருக்கு விளங்கிற்று. மகனையும் அவர் சும்மா விடவில்லை. சிறுவனை ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அழைத்துச் சென்று, தாழ்ந்த கூரையடியில் எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஒரு நீண்ட பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சிறிது நேரத்தில் பையன் மூச்சுத் திணறிக் கீழே விழுந்தான். தரையில் விழுந்ததும் தெளிந்தான். மீதேன் காற்றைவிட இலேசானது, ஆதலால் கூரையோரம் தங்கும் என்று பாடம்! இந்தக் காலத்துத் தந்தை யாரும் இவ்வாறு கற்பிக்க முன்வரமாட்டார்.

நிலக்கரியிலிருந்து அவர் கார்ன்வால் நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களுக்குத் திரும்பினார். இப்பகுதியைத்தான் நாம் நின்று கவனிக்க வேண்டும். கார்ன்வாலின் சுரங்கத் தொழிலாளர் உலகெங்கும் பிழைக்கப் போனவர்கள். தென்னாப்பிரிக்காவுக்கும் போனார்கள், நம் கோலாருக்கும் மேற்பார்வையாளராக வந்தார்கள். அங்கே டோல்கோத் என்னும் ஆழ்சுரங்கத்தில் ஆட்கள் இரத்தமற்று வெளுத்துப் போயினர். படியேற முடியாமல் மூச்சு வாங்கினர். கெட்ட காற்றே காரணம் என்றனர். 1902-இல் ஹால்டேன் காற்றை அளந்தார், காற்றில் குற்றமில்லை. பின் மலத்தைச் சோதித்தார். கொக்கிப்புழு! வெப்பநாடுகளுக்குரிய அப்புழு, குளிர்நாட்டுச் சுரங்கத்தின் வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் குடியேறியிருந்தது. உள்ளே கழிப்பிடம் கிடையாது. இருட்டில் எங்கும் மலம். ஏணியைப் பற்றிய கையிலும் அதுவே. மருந்தோடு, கழிப்பு வாளிகளும் சுத்தமும் ஏற்பட்ட பிறகு நோய் அடங்கிற்று. தொழிலாளியின் சோம்பல் என்று பழிக்கப்பட்டது, அவனுக்குக் கழிப்பிடம் தராததால் வந்த நோயென்று தெரிந்தது.

ஆனால் புழுவைவிடப் பெரிய எமன் அங்கே இருந்தது. அழுத்தக் காற்றால் ஓடும் துளைப்புக் கருவிகள் புகுந்த பின்னர், அவற்றைப் பிடித்து வேலை செய்தவர்கள் நாற்பது வயதை எட்டாமலே இருமி இருமி இறந்தார்கள். 1904-இல் ஹால்டேனும் இருவரும் சேர்ந்து கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர் நலம் பற்றி அறிக்கை கொடுத்தனர். கொல்வது கல்தூசி என்று அது காட்டிற்று. பாறையில் உள்ள சிலிக்கா மிக நுண்ணிய பொடியாகும்போது மூக்கிலோ தொண்டையிலோ தங்காது. நுரையீரலின் கடைசி அறைவரை செல்லும். அங்கே தூசியை விழுங்கி ஒழிக்க வரும் உயிரணுக்களையே அது அழிக்கும். அழிந்த இடத்தில் தழும்பு. தழும்பின்மேல் தழும்பு. சில ஆண்டுகளில் பஞ்சுபோன்ற நுரையீரல் தோல்போல் ஆகிவிடும். அதன்மேல் காசம் வந்து குடியேறும். கண்ணுக்குத் தெரியும் பெரும்புழுதி அவ்வளவு தீமை செய்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொடியே கொல்கிறது. ஆதலால்தான் வாயில் துண்டைக் கட்டிக்கொள்வதால் பயன் மிகக் குறைவு.

பரிகாரம் எளியது, தண்ணீர். துளைக்கும் முனையிலேயே தண்ணீர் விழுந்தால் பொடி பறக்காமல் சேறாகிவிடும். இவ்வளவு எளிய பரிகாரத்தைப் பலரும் ஏற்கவில்லை. தண்ணீர்க் குழாய் இழுத்துச் செல்வது தொல்லை; உடை நனையும்; வேலை தாமதமாகும்; வெட்டிய அளவுக்குக் கூலி என்றால் தாமதத்தைத் தொழிலாளியே விரும்பமாட்டான். பத்தாண்டு கழித்து வரும் நோய்க்காக இன்றைய கூலியை இழப்பவர் யார்?

இதில் ஓர் இடர் உண்டு. தண்ணீர் தூசியை அடக்கும்; ஆனால் வெப்பமான சுரங்கத்தில் அதே தண்ணீர் ஆவியாகிக் காற்றைப் புழுக்கமாக்கும். இப்புழுக்கத்தையும் ஹால்டேன்தான் முதலில் முறையாக அளந்தார். 1905-இல் வெளிவந்த அவருடைய ஆய்வின் சாரம் இதுதான்: வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் அது காட்டும் அளவே மனிதனுக்கு உண்மையான அளவு. மே மாதத்தில் திருப்பதியில் நாற்பத்திரண்டு டிகிரி அடிக்கிறது; நாம் சபித்துக்கொண்டே நடமாடுகிறோம். காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. காற்று அசையாத சுரங்கத்தில் ஈரக்குமிழ் முப்பத்தொரு டிகிரியைத் தாண்டினாலே, சும்மா இருக்கும் மனிதனுக்கும் உடற்சூடு ஏறத்தொடங்கும். வேலை செய்பவனுக்கு அதற்கும் முன்பே. ஆகவே தண்ணீர் மட்டும் போதாது. தண்ணீரோடு நல்ல காற்றோட்டமும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறந்தால் தொழிலாளி தூசியால் சாவதற்குப் பதிலாக வெக்கையால் வீழ்வான்.

இனிக் கோலாரை நினைத்துப் பாருங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரிக்கும் மேல். பொன் கிடந்ததோ சிலிக்காவே உருவான வெண்கல் பாறையில். ஹால்டேன் கார்ன்வாலில் கண்ட இரு எமன்களும் அங்கே ஒரே குழியில் இருந்தன. கார்ன்வால் அறிக்கை வந்தது 1904-இல். இந்தியாவில் சிலிக்காத் தூசி நோய் முதன்முதலாகக் கோலார் தங்கச் சுரங்கங்களிலிருந்து அறிவிக்கப்பட்டது 1947-இல். இடையில் நாற்பத்து மூன்று ஆண்டுகள். அந்நோய் அதற்கு முன் அங்கே இல்லாமலா இருந்தது? இருந்தது, காசம் என்றும் இளைப்பு என்றும் பெயர் சொல்லி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பி ஓராண்டோ இரண்டாண்டோ திண்ணையில் உட்கார்ந்து இருமிவிட்டு இறந்தவன், எந்தச் சுரங்கத்தின் கணக்கிலும் ஏறவில்லை. புலம்பெயர்ந்து பிழைப்பவன் சாவு எப்போதும் இப்படித்தான் கணக்கில் விடுபடுகிறது. என் போன்ற குடும்பத்தார்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஹால்டேனின் மற்றப் பணிகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அவை பாடநூல்களில் உள்ளவை. மூச்சை நடத்துவது குருதியிலுள்ள கரியமில வாயுவின் அளவே என்று 1905-இல் காட்டினார். ஆழ்கடலில் மூழ்குவோர் எவ்வாறு படிப்படியாக மேலே வரவேண்டும் என்று ஆடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1908-இல் அட்டவணை வகுத்தார். 1911-இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில் தங்கி உயர்மலை மூச்சை ஆராய்ந்தார். 1915-இல் ஈப்ர போர்க்களத்தில் செருமானியர் விட்ட நச்சுக்காற்று குளோரின் என்று கண்டறியவும், முகமூடி அமைக்கவும் அவரையே அனுப்பினார்கள். அங்கும் தம்மேலேயே சோதித்தார். 1912 முதல் சுரங்க ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் தலைவராக இருந்தார். முதலில் டான்காஸ்டரில், 1921-க்குப்பின் பர்மிங்காமில்.

பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதும்போது அவர் தவறியதையும் எழுதவேண்டும். நிலக்கரித் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு செய்யாது என்று ஹால்டேன் இறுதிவரை நம்பினார். நிலக்கரித் தொழிலாளருக்குக் காசம் குறைவாக இருப்பதை அவர் சான்றாகக் கொண்டார். சிலிக்காவைக் குற்றவாளி என்று கண்டவர், மற்றத் தூசிகளைக் குற்றமற்றவை என்று விடுவித்துவிட்டார். அவர் சொல்லுக்கு அத்துறையில் அவ்வளவு மதிப்பு இருந்ததால் மறுத்துப் பேசியவர் சொல் அம்பலமேறவில்லை. தெற்கு வேல்ஸில் புதிய ஆய்வுகள் நடந்து, நிலக்கரித் தூசியும் நுரையீரலை அழிக்கும் என்று ஒப்புக்கொண்டு நட்டஈட்டுக்கு வழி பிறந்தது 1943-இல். அவர் மறைந்து ஏழாண்டு கழித்து. அந்த இடைக்காலத்தில் நட்டஈடின்றி இறந்தவர்களில் எத்தனையோ பேர், அவரோடு தோளுரசி அதே சுரங்கங்களில் நடந்தவர்களாக இருந்திருப்பார்கள். காற்றைத் தாமே சுவாசித்துச் சோதித்தவருக்கு, இருபது ஆண்டு தூசியைச் சுவாசித்துச் சோதிக்க வழியில்லை. அங்கே அவருக்குப் புள்ளிவிவரம்தான் கிடைத்தது. அது அவரை ஏமாற்றிவிட்டது. காசம் உள்ளவன் வேலையை விட்டுப் போய்விடுவான், ஆகவே வேலையில் இருப்பவர்களை எண்ணினால் நோய் குறைவாகத்தான் தெரியும் என்னும் ஐயம் அவருக்கு இன்னும் அழுத்தமாக எழுந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ணவேண்டா. தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகும் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேடுகள் கோடிக்கணக்கான டன் பொடியாக ஊரின் நடுவே நிற்கின்றன. காற்று வீசும் மாதங்களில் அப்பொடி வீடுகளின் மேல் படிகிறது. சுரங்கத்துக்குள் இறங்காத பெண்டிரும் குழந்தைகளும் அதைச் சுவாசிக்கிறார்கள். இந்தப் பக்கம், குப்பத்தையும் சித்தூரையும் சுற்றிக் கருங்கல் குவாரிகள். 1961-இன் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் துளைக்கும்போது தூசி எழாமல் தடுக்கவேண்டும் என்கின்றன. சென்ற கோடையில் ஒரு குவாரியின் ஓரமாக நடந்தபோது நான் கண்டது வேறு. கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இளைஞன் தண்ணீரின்றித் துளைத்துக்கொண்டிருந்தான். அவன் தலைமயிரும் இமையும் கிழவனுக்குப் போல வெளுத்திருந்தன. வாயில் துண்டு கட்டியிருந்தான். தமிழில் பேசினான்; தருமபுரிப் பக்கம். தண்ணீர் லாரி வருவது குடிப்பதற்கே போதவில்லை என்றான். அங்கே நான் என்ன சொல்ல முடியும்? 1904-ஆம் ஆண்டு அறிக்கையைப் பற்றிப் பேசவில்லை.

ஹால்டேன் முதுமையிலும் ஓயவில்லை. எழுபத்தைந்து வயதில் பாரசீகத்துக்கும் ஈராக்குக்கும் சென்றார். எண்ணெய்த் தொழிலில் வேலை செய்வோர் வெப்பத்தால் தாக்குண்டு வீழ்வதை ஆராயவே அப்பயணம். திரும்பி வந்ததும் நுரையீரல் அழற்சி கண்டது. தாமே பலருக்கு வழிகாட்டிய பிராணவாயுக் கூடாரத்தில் படுத்திருந்து, 1936 மார்ச்சு 14-ஆம் நாள் நள்ளிரவில் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்தார்.

சுரங்கக் கூரையடியில் மூச்சுத் திணறி விழுந்த அந்த மகன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து குடியேறினார். இந்தியக் குடிமகனாகவும் ஆனார். 1964 திசம்பர் முதல் நாள் புவனேசுவரத்தில் காலமானார். தம் உடலை மாணவர்கள் அறுத்துப் படிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே அது காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டது. திருப்பதியிலிருந்து காக்கிநாடாவுக்கு ஓர் இரவு இரயில் பயணம்.